மொட்டு உறங்கும் காரணம்

நெற்பயிரில் இலை தண்டோடு சேரும் ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு மொட்டு இருக்கிறது. கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சிறியது. ஆனாலும் தனி இலை, தனி வேர், தனிக் கதிர் என்று ஒரு முழுப் பயிரையே உருவாக்கும் ஆற்றல் அதற்குள் உண்டு. அடிக்கணுக்களில் உள்ள சில மொட்டுகள் விழித்துத் தூர்களாகின்றன. மேற்கணுக்களில் உள்ளவை பெரும்பாலும் பயிரின் ஆயுள் முடியும்வரை உறங்கியே கழிக்கின்றன. பருத்தியின் நுனியைக் கிள்ளும் உழவருக்கும் மல்லிகையைக் கவாத்து செய்யும் தோட்டக்காரருக்கும் இதன் மறுபக்கம் தெரியும்: நுனி போனால் கீழே உள்ள மொட்டு எழும். கிள்ளும் விரல் செடிக்குப் புதிதாக எதையும் தருவதில்லை. ஏற்கெனவே இருந்ததை எழவிடுகிறது, அவ்வளவே. ஆகவே கிளை எப்படி உண்டாகிறது என்று கேட்பதைவிட, இத்தனை மொட்டுகள் ஏன் கிளையாகாமல் கிடக்கின்றன என்று கேட்பதே சரியான தொடக்கம். செடியின் உருவத்தை வகுப்பதில் ஊக்குவிப்பைவிடத் தடைக்குப் பங்கு அதிகம். அந்தத் தடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளந்து வைப்பவற்றுள் முக்கியமானது 20 எழுத்து நீளமே உள்ள ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கு. அது விளக்கை அணைத்து ஏற்றும் சுவிட்சைப் போல வேலை செய்வதில்லை, தண்ணீர்க் குழாயின் திருகைப் போலக் கூட்டிக் குறைத்து வேலை செய்கிறது என்பதே இந்த அத்தியாயம் நிறுவ முயலும் வாதம்.

இத்தகைய துணுக்குகள் முதலில் தென்பட்டது ஒரு புழுவில். சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில், லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் உண்டாக்காமல் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை மட்டும் உண்டாக்குவதை 1993-இல் விக்டர் ஆம்புரோஸின் குழு கண்டது. அந்தக் குட்டி ஆர்.என்.ஏ. லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வோடு பொருந்தி அதன் புரத உற்பத்தியைக் குறைப்பதை அதே ஆண்டில் கேரி ருவ்கனின் குழு காட்டியது. இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கண்டுபிடித்த காலத்தில் பலர் அதைப் புழுவுக்கே உரிய விசித்திரமாக ஒதுக்கினார்கள். தாவரங்களில் சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதை 1999-இல் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கமும் காட்டினர். வாயடைக்கப்பட்ட மரபணுக்கள் உள்ள செடிகளில் சுமார் 25 எழுத்து நீளமுள்ள துணுக்குகள் சேர்ந்திருந்தன. அவை வைரசுக்கு எதிரான தற்காப்பின் கருவிகள் என்று தெரியவந்தது. செடி தன் சொந்த வளர்ச்சியை நெறிப்படுத்தவும் இவற்றைப் பயன்படுத்துகிறது என்பது 2002-இல் தெளிவாயிற்று. அந்த ஆண்டு அமெரிக்காவில் பார்ட்டெல் ஆய்வகங்கள் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியிலிருந்து 16 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பிரித்தெடுத்துப் பட்டியலிட்டன. அந்தப் பட்டியலில் 156 என்ற எண் பெற்றதே நம் கதையின் நாயகன். இனி அதை மிர்-156 என்று அழைப்போம்.

மிர்-156 உருவாகும் விதமும் வேலை செய்யும் விதமும் வாதத்துக்கு அடிப்படை. முதலில் மரபணுவிலிருந்து ஒரு நீண்ட ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அது தன்மேலேயே மடிந்து, மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போன்ற உருவம் கொள்கிறது. டைசர் வகையைச் சேர்ந்த நொதி ஒன்று அந்த வளைவிலிருந்து குறிப்பிட்ட துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. அதன் ஓர் இழையை ஆர்கோநாட் என்ற புரதம் ஏந்திக்கொள்கிறது. பிறகு தேடல் தொடங்குகிறது. செல்லுக்குள் புரதம் செய்வதற்கான கட்டளைகளாக மிதக்கும் தூது ஆர்.என்.ஏ.க்களில், தான் ஏந்தியிருக்கும் எழுத்து வரிசைக்கு இணையான வரிசை எதில் இருக்கிறதோ, அதை ஆர்கோநாட் பிடித்து நடுவில் வெட்டுகிறது; துணுக்கின் 10-ஆவது, 11-ஆவது எழுத்துகளுக்கு நேர் எதிரே வெட்டு விழுகிறது. விலங்குகளில் பொருத்தம் பெரும்பாலும் அரைகுறையானது. தாவரங்களில் அது கிட்டத்தட்ட முழுமையானது. ஆகையால் தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு இலக்குகள் குறைவு, ஆனால் பிடி இறுக்கமானது. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் துணுக்கு எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை; உண்டானதில் ஒரு பகுதியைக் கழிக்கிறது. எவ்வளவு கழிப்பது என்பது எத்தனை துணுக்குகள் இருக்கின்றன, எத்தனை இலக்குகள் இருக்கின்றன என்ற விகிதத்தைப் பொறுத்தது. கழித்தலை மட்டுமே அறிந்த கருவி இயல்பிலேயே அளவைச் சரிசெய்யும் கருவி.

மிர்-156 கழிப்பது எஸ்.பி.எல். என்ற மரபணுக் குடும்பத்தின் செய்திகளை. இவற்றின் புரதங்கள் வேறு மரபணுக்களை இயக்கும் மேற்பார்வையாளர்கள். நெல்லில் இக்குடும்பத்தில் 19 மரபணுக்கள் உண்டு. அவற்றில் 11 மிர்-156-க்கு இலக்கான எழுத்து வரிசையைத் தாங்கியவை. எஸ்.பி.எல். புரதங்கள் மொட்டுகளை அடக்குகின்றன. அவற்றை மிர்-156 அடக்குகிறது. காவலாளியையே உறங்கவைத்தால் மொட்டு எழத்தானே வேண்டும்? அப்படியே நடந்தது. 2005-இல் அராபிடாப்சிஸிலும் 2006-இல் நெல்லிலும் மிர்-156-ஐ அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்தபோது செடிகள் புதராயின. நெல் குட்டையாகி, தூர்களைக் கொத்துக் கொத்தாக விட்டு, தாமதமாகப் பூத்தது. ஆய்வகத்தில் செய்ததை இயற்கை முன்பே செய்து காட்டியிருந்தது. மக்காச்சோளத்தில் 'கார்ன்கிராஸ்' என்றொரு பிறழ்வு பல பத்தாண்டுகளாக மரபியலாளர்களுக்குத் தெரியும். ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து நிற்க வேண்டிய மக்காச்சோளம், அந்தப் பிறழ்வால் ஒல்லி இலைகளோடு தூர் தூராக அடர்ந்து புல்லைப் போலாகிவிடும். கலிபோர்னியாவில் ஜார்ஜ் சக், சாரா ஹேக் ஆகியோரின் குழு 2007-இல் அதன் காரணத்தைக் கண்டது: அடுத்தடுத்து அமைந்த இரண்டு மிர்-156 மரபணுக்கள் அந்தச் செடியில் மிகையாக இயங்கிக்கொண்டிருந்தன.

மக்காச்சோளம் பிறந்த கதையும் இதே பக்கம் சாய்கிறது. மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் டியோசின்டே என்ற காட்டுப்புல்லைப் பயிராக்கத் தொடங்கிய மக்கள், பல கிளைகளும் சிறு கதிர்களும் கொண்ட அந்தப் புல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஒற்றைத் தண்டுப் பயிராக மாற்றினார்கள். அந்த மாற்றத்தின் பெரும்பகுதிக்குப் பொறுப்பான மரபணு டி.பி.1. அது மொட்டுக்குள் இருந்து மொட்டையே உறங்கவைக்கும் மரபணு. 1997-இல் ஜான் டோப்லியின் குழு அதைப் பிரித்தெடுத்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. காட்டுப்புல்லுக்கும் பயிருக்கும் இடையில் வேறுபாடாக நின்றது அந்த மரபணு இயங்கும் அளவு; பயிரில் அது ஏறக்குறைய இரு மடங்கு. 2011-இல் காரணமும் கிடைத்தது. மரபணுவுக்கு வெகு தொலைவில், சுமார் 60,000 எழுத்துகளுக்கு அப்பால், ஒரு தாவும் மரபுத்துண்டு வந்து உட்கார்ந்து அதன் இயக்கத்தைக் கூட்டியிருந்தது. புதர் போன்ற புல்லுக்கும் நேராக நிமிர்ந்த பயிருக்கும் இடையில் உள்ள தூரத்தின் பெரும்பங்கு ஒரு மரபணுவின் ஒரு மடங்குக்கும் இரு மடங்குக்கும் இடையில் உள்ள தூரம். டி.பி.1 மிர்-156-இன் நேரடி இலக்கு இல்லையே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் நெல்லில் இதற்கு இணையான மரபணுவின் முகப்பில் எஸ்.பி.எல்.14 என்ற புரதம் நேரடியாக அமர்ந்து அதை முடுக்குகிறது என்று 2013-இல் நிறுவப்பட்டது. மிர்-156 எஸ்.பி.எல்.14-ஐக் குறைக்கிறது, எஸ்.பி.எல்.14 டி.பி.1-ஐக் கூட்டுகிறது, டி.பி.1 மொட்டை உறக்கத்தில் வைக்கிறது. இது ஒரே சங்கிலி.

அந்த எஸ்.பி.எல்.14-தான் இந்த வாதத்தின் முக்கியச் சாட்சி. 2010-இல் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் ஒரே மரபணுவைப் பற்றி எழுதின. பெய்ஜிங்கில் லி ஜியாயாங்கின் குழு ஆராய்ந்தது தூர் குறைவாகவும் தண்டு தடித்தும் கதிர் பெரிதாகவும் உள்ள ஒரு நெல்வகை. அதற்குக் காரணமான மரபணுவுக்கு 'இலட்சியப் பயிரமைப்பு' என்ற பொருளில் ஐ.பி.ஏ.1 என்று பெயரிட்டார்கள். நகோயாவில் மோட்டோயுகி அஷிகாரியின் குழு கதிரில் அதிகக் கிளை விடும் வகைகளிலிருந்து அதே மரபணுவை வந்தடைந்து, 'செல்வந்த உழவரின் கதிர்' என்ற பொருளில் பெயர் வைத்தது. இரண்டும் எஸ்.பி.எல்.14-தான். பெய்ஜிங் குழு கண்ட மாற்றம் ஒரே ஓர் எழுத்து: சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் அடினின். அந்த எழுத்து விழுந்த இடம் மிர்-156 வந்து பொருந்தும் வரிசையின் நடுவில். பொருத்தம் கெட்டதால் வெட்டு தவறியது. வெட்டு தவறியதால் தூது ஆர்.என்.ஏ. தப்பியது, புரதம் பெருகியது, மொட்டுகள் அடங்கின. நகோயா குழு கண்ட வகையிலோ இலக்கு வரிசை அப்படியே இருந்தது. மரபணுவின் முகப்பில் எழுத்து மாறாமலே இயக்கம் கூடியிருந்தது. வெவ்வேறு வழிகளில் அளவு கூடியும் விளைவு ஒத்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வழி எதுவானாலும் செடி கணக்கில் எடுப்பது அளவை.

இங்கே கூர்மையான ஓர் ஆட்சேபம் எழும். அந்த ஒற்றை எழுத்து மாறியபோது புரதத்திலும் ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டது. லூசின் இருந்த இடத்தில் ஐசோலூசின் வந்தது. அப்படியென்றால் மாறிய புரதம்தான் பயிரை மாற்றியது, சிறு ஆர்.என்.ஏ.வுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஏன் சொல்லக்கூடாது? மரபியலில் இது அடிக்கடி வரும் சிக்கல். ஒரே வரி இரண்டு பொருளைத் தாங்கும்போது எந்தப் பொருள் வேலை செய்தது என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு மரபுக் குறியீட்டின் ஓர் இயல்பு கைகொடுக்கிறது. ஒரே அமினோ அமிலத்தைக் குறிக்கப் பல மூவெழுத்துச் சொற்கள் உண்டு. ஆகவே எழுத்துகளை மாற்றி, மிர்-156 அடையாளம் காண முடியாதபடி இலக்கைக் குலைத்துவிட்டு, புரதத்தை மட்டும் இம்மியும் மாறாமல் வைத்திருக்க முடியும். அப்படிச் செய்யப்பட்ட மரபணுவைப் பெற்ற நெற்பயிர்களும் தூர் குறைந்து, கதிர் பெருத்தே வளர்ந்தன. புரதம் பழையதாகவே இருக்க, வெட்டு மட்டும் நின்றபோதும் உருவம் மாறியது என்றால் மாற்றத்தின் ஊற்று வெட்டுதான். இன்னொரு சான்றும் உண்டு. மாறிய மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ள பயிர், இரண்டு பிரதி உள்ளதற்கும் ஒன்றும் இல்லாததற்கும் இடைப்பட்ட உருவம் கொள்கிறது. ஆம், இல்லை என்ற இரண்டே நிலைகள் கொண்ட கருவிக்கு இந்த இடைநிலை இருக்க வழியில்லை.

அடுத்த ஆட்சேபம் பழையது, வலுவானது: கிளைப்பதை ஆள்பவை ஹார்மோன்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்திருக்கின்றனவே. 1933-இல் கென்னத் திமானும் ஃபோல்க் ஸ்கூக்கும் நுனி வெட்டப்பட்ட அவரையினச் செடியில் ஆக்சின் என்ற ஹார்மோனைத் தடவி, நுனி இருந்தால் நடப்பது போலவே மொட்டுகள் அடங்குவதைக் காட்டினர். 2008-இல் இரண்டு குழுக்கள் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள் கிளைப்பதைத் தடுக்கும் ஹார்மோன் என்று நிறுவின. சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியின் விதைகளை முளைக்கத் தூண்டும் பொருளாகத்தான் அது முன்பு அறியப்பட்டிருந்தது. அதன் பெயரே சுடுமல்லியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்தது. இந்தச் சான்றுகளில் ஒன்றையும் மறுக்க வேண்டியதில்லை. ஹார்மோனும் சிறு ஆர்.என்.ஏ.வும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்தால் போதும். நெல்லில் டி.53 என்றொரு புரதம் ஸ்ட்ரைகோலாக்டோனின் கட்டளையைத் தடுத்து நிற்கிறது. ஹார்மோன் வந்தால் டி.53 அழிக்கப்படுகிறது. இது 2013-இல் தெரிந்தது. அந்த டி.53 யாரைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது என்பது 2017-இல் தெரிந்தது: ஐ.பி.ஏ.1 புரதத்தை, அதாவது மிர்-156 அளந்து வைக்கும் அதே எஸ்.பி.எல்.14-ஐ. ஆக, எத்தனை காவலாளிகள் பணியில் இருக்க வேண்டும் என்பதை மிர்-156 வரையறுக்கிறது; இருப்பவர்கள் இப்போது கைகட்டி நிற்க வேண்டுமா, வேலை செய்ய வேண்டுமா என்பதை ஹார்மோன் சொல்கிறது. ஹார்மோன் இல்லாமல் எண்ணிக்கைக்குப் பயனில்லை. எண்ணிக்கை இல்லாமல் ஹார்மோனின் கட்டளையை நிறைவேற்ற ஆளில்லை.

சர்க்கரையை முன்வைத்து இதே ஆட்சேபத்தை இன்னும் நுட்பமாக்கலாம். பட்டாணிச் செடியில் நுனியைக் கிள்ளியதும் மொட்டை முதலில் எழுப்புவது ஆக்சின் குறைவு அன்று, நுனிக்குப் போகாமல் மிஞ்சிய சர்க்கரை மொட்டுக்குப் பாய்வதே என்று 2014-இல் காட்டப்பட்டது. ஆனால் அராபிடாப்சிஸில் சர்க்கரை கூடினால் மிர்-156 குறைகிறது என்று அதற்கு முந்தைய ஆண்டில் இரண்டு குழுக்கள் காட்டியிருந்தன. மிர்-156 குறைந்தால் தடை கூட வேண்டும். அப்படியானால் சர்க்கரை மொட்டை எழுப்புகிறதா, அடக்குகிறதா? முரண் கலைவது காலத்தை உள்ளே கொண்டுவரும்போது. கிள்ளிய சில மணி நேரத்தில் மொட்டுக்குக் கிடைக்கும் சர்க்கரை உடனடி உணவு. இலைகள் பெருகப் பெருக வாரக்கணக்கில் கூடிவரும் சர்க்கரையோ செடியின் வயதைச் சொல்லும் செய்தி. மிர்-156 இளஞ்செடியில் ஏராளமாக இருந்து, வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். நெல் நட்ட முதல் வாரங்களில் தூர் கட்டிவிட்டுப் பிறகு கதிருக்குத் திரும்பும் ஒழுங்கோடு இந்த இறக்கம் இயல்பாகப் பொருந்துகிறது. ஹார்மோனும் உணவும் அன்றைய நிலவரத்தை அறிவிக்கின்றன, சிறு ஆர்.என்.ஏ.வின் அளவு செடியின் பருவத்தை அறிவிக்கிறது.

மரபணுதான் எல்லாம் என்றால் நடவு இடைவெளி எப்படித் தூரின் எண்ணிக்கையை மாற்றும் என்று வயல் அறிந்தவர் கேட்பார். நியாயமான கேள்வி. செம்மை நெல் சாகுபடியில் இளநாற்றை ஒற்றை ஒற்றையாக, சதுரமாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். நெருக்கி நட்டபோது சில தூர்களே விட்ட அதே விதை, இங்கே குத்துக் குத்தாகத் தூர் விடுகிறது. விதை மாறவில்லை, வெளிச்சம் மாறியிருக்கிறது. பக்கத்துச் செடியின் இலை வழியாக வரும் ஒளியில் சிவப்பு வடிக்கப்பட்டிருக்கும்; அதை உணரும் செடி கிளைப்பதை விட்டு உயர்வதில் முனையும். அராபிடாப்சிஸில் இதன் ஒரு வழி 2017-இல் வெளிப்பட்டது. நிழலில் பெருகும் சில புரதங்கள் மிர்-156 மரபணுக்களின் மேல் நேரடியாக அமர்ந்து அவற்றின் இயக்கத்தைத் தணிக்கின்றன. மிர்-156 குறைகிறது, எஸ்.பி.எல். கூடுகிறது, மொட்டு அடங்குகிறது. நெல்லிலும் இதே வழிதான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் சூழலும் மரபணுவும் எதிரெதிர் அணிகள் என்ற எண்ணம் இங்கே தளர்கிறது. திருகு மரபில் வந்தது. அதைத் திருப்பும் கைகளில் ஒன்று வெளிச்சம்.

இதுவரை சொன்னதில் ஒரு நெருடல் உண்டு. எஸ்.பி.எல்.14 தடையாளர் என்றால் அது பெருகிய பயிரில் தூர் குறைவது சரி. அதே பயிரின் கதிரில் கிளைகள் ஏன் கூடுகின்றன? ஒரே பொருள் கீழே தடுக்கிறது, மேலே வளர்க்கிறது என்பது வாதத்தையே உடைக்கும் போலத் தோன்றும். 2015-இல் வந்த ஓர் ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. கதிர் உருவாகும்போது வளர்நுனி இரண்டு திருப்பங்களைக் கடக்கிறது: இலை விடுவதை நிறுத்திக் கதிர்க்கிளை விடத் தொடங்குவது முதலாவது; கிளை விடுவதை நிறுத்திச் சிறுகதிர், அதாவது மணி, அமைக்கத் தொடங்குவது இரண்டாவது. இரண்டையும் எஸ்.பி.எல். முன்னோக்கித் தள்ளுகிறது. அது மிகக் குறைந்தால் கதிர்க்கிளைப் பருவத்துக்குள் நுழைவதே தடுமாறுகிறது. மிகக் கூடினால் கிளை விட அவகாசமின்றிச் சீக்கிரமே மணிக்குத் தாவிவிடுகிறது. இரண்டு ஓரங்களிலும் கதிர் சிறுத்தது. நடுவில் ஓர் அளவில் மட்டும் கதிர்க்கிளை உச்சத்தை எட்டியது. கூட்டினாலும் கெடும், குறைத்தாலும் கெடும் என்ற இந்தக் குன்று வடிவத் தொடர்பைவிடத் தெளிவான சான்று அளவுக் கொள்கைக்குக் கிடைப்பது கடினம். முரணாகத் தோன்றியது முரண் இல்லை. ஒரே அளவை, செடியின் இரண்டு இடங்கள் இரண்டு விதமாகப் படிக்கின்றன.

பயிர் வளர்ப்பில் இந்தப் பாடத்துக்கு விலை கொடுத்த வரலாறு உண்டு. ஐ.ஆர்.8 வழிவந்த குட்டை நெல்வகைகள் நல்ல வளத்தில் 20 முதல் 25 தூர் விடும். அவற்றில் கதிர் ஈனுபவை 15-ஐ ஒட்டியே இருக்கும். மற்றவை உணவைத் தின்று நிழலைக் கூட்டும் பொய்த்தூர்கள். ஆகவே தூரைக் குறைத்துக் கதிரைப் பெருக்கலாம் என்று பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1989-இல் புதிய பயிர்வகைத் திட்டத்தைத் தொடங்கியது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, வயல் ஒத்துழைக்கவில்லை. முதல் தலைமுறை வகைகளில் பயிரின் மொத்த எடை குறைந்தது, பெரிய கதிர்களில் மணிகள் சரியாகப் பால் பிடிக்கவில்லை, விளைச்சல் எதிர்பார்த்தபடி உயரவில்லை. குறைந்த தூரே சிறந்தது என்ற முடிவை ஐ.பி.ஏ.1-உம் தருவதில்லை. மிர்-156-இன் இலக்கை முற்றாகக் குலைத்தால் பயிர் முழுவதிலும் புரதம் பெருகி, தூர் தேவைக்கும் கீழே போய்விடக்கூடும். சீனாவின் யோங்யோ 12 என்ற கலப்பின நெல்லில் வேறொரு வடிவம் இருப்பது 2017-இல் கண்டறியப்பட்டது. அங்கே மரபணுவுக்கு முன்னால் சுமார் 3,100 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி மூன்று முறை அடுக்கப்பட்டு, முகப்பின் அடைப்பைத் தளர்த்தி, இயக்கத்தை மிதமாகக் கூட்டியிருந்தது. 2022-இல் லி ஜியாயாங்கின் குழு கிரிஸ்பர் கத்தியால் அந்த முகப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்து, 54 எழுத்து இணைகளை நீக்கிய ஒரு வகையில் கதிர் பெருத்தும் தூர் குறையாமலும் இருப்பதைக் கண்டது.

இதையே வைத்து எதிர்வாதம் செய்யலாம்: மிகச் சிறந்த பலன் மிர்-156-இன் இலக்கைத் தொடாமல், முகப்பைத் தொட்டபோதுதானே கிடைத்தது? அப்படியென்றால் சிறு ஆர்.என்.ஏ.வுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? அதோடு, ஐ.பி.ஏ.1 புரதத்தைக் குறியிட்டு அழிக்கும் தனி நொதிகளும் உண்டு. குலைநோய்ப் பூஞ்சை தாக்கும்போது அதே புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டி, அதை வளர்ச்சிப் பணியிலிருந்து தற்காப்புப் பணிக்குத் தற்காலிகமாக மாற்றுகிறது என்று 2018-இல் காட்டப்பட்டது. வேறு சிறு ஆர்.என்.ஏ.க்களும் களத்தில் இருக்கின்றன. மிர்-444 வேறொரு மரபணுவைக் கழிப்பதன் மூலம் ஸ்ட்ரைகோலாக்டோனை உணரும் பொறியையே பாதித்துத் தூரைக் குறைக்கிறது, மிர்-393 ஆக்சினை உணரும் புரதங்களைக் குறைக்கிறது. இவற்றை ஒப்புக்கொள்வதால் வாதம் சுருங்குகிறது, ஆனால் உறுதிப்படுகிறது. மிர்-156 தனியாட்சி செய்யவில்லை. எங்கே எவ்வளவு செய்தி எழுத வேண்டும் என்பதை முகப்பு சொல்கிறது. எழுதியதில் எவ்வளவு நிலைக்க வேண்டும் என்பதை மிர்-156 சொல்கிறது. உண்டான புரதம் எவ்வளவு காலம், எந்தப் பணியில் இருக்க வேண்டும் என்பதை மற்றவை சொல்கின்றன. எல்லாக் கைகளும் பிடித்திருப்பது ஒரே தொகையைத்தான். முகப்பில் 54 எழுத்து இணைகளை நீக்கியவர்களும் தேடியது மிர்-156-இன் கழித்தலுக்குப் பிறகும் கதிரில் சற்றுக் கூடுதலாக மிஞ்சும் ஓர் அளவை.

கடைசியாக, இவ்வளவு சுற்று எதற்கு? மொட்டை எழுப்ப வேண்டுமானால் நேராக எழுப்பும் பொருள் ஒன்றை வைத்துக்கொள்ளாமல், தடையாளரை உண்டாக்கி, பிறகு அவரையே கழிப்பானேன்? விடை மிர்-156-இன் வயதில் இருக்கலாம். இதே எழுத்து வரிசை நெல்லிலும் மக்காச்சோளத்திலும் அராபிடாப்சிஸிலும் மட்டும் இல்லை, சுவரில் படரும் பாசியினங்களிலும் இருக்கிறது. அங்கும் அது எஸ்.பி.எல். குடும்பத்தையே வெட்டுகிறது. அந்தப் பாசிகளுக்குத் தூர் கிடையாது, கதிர் கிடையாது, பூவும் கிடையாது. ஒரு வளர்ச்சிக் கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எப்போது மாறுவது என்பதை நெறிப்படுத்துவதில் அங்கே அதற்குப் பங்கு உண்டு. அதாவது இந்தத் துணுக்கு கிளைக்காகப் பிறந்ததில்லை. நிலத்தாவரங்களின் வரலாற்றில் தூரும் கதிரும் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே பருவத்தை அளக்கும் கருவியாக அது கையில் இருந்தது; பின்னர் வந்த செடிகள், எத்தனை மொட்டு எழலாம் என்ற புதிய கணக்கையும் அந்தப் பழைய படியிலேயே அளந்துகொண்டன. அதனால்தான் தூரை மட்டும் மாற்ற நினைத்து அதைத் தொட்டால் பூக்கும் காலமும் உயரமும் கதிரும் சேர்ந்து அசைகின்றன. கார்ன்கிராஸில் மக்காச்சோளம் மீண்டும் புல்லாகிப் போனதும் அதனால்தான். ஒரு மொட்டு உறங்குவதற்கும் எழுவதற்கும் இடையில் செடி கேட்கும் கேள்வி இன்னும் பழையதாகவே இருக்கிறது: எனக்கு இப்போது என்ன வயது?